'அண்டர்டேக்' என்றால் எடுத்துக்கொள்வதா?

கேள்வி: வேலையில் சேரக் கையெழுத்துக் கேட்கும் தாளில் "ஐ ஹியர்பை அண்டர்டேக் டு ரீஃபண்ட் தி டிரெய்னிங் காஸ்ட்" என்று ஒரு வரி இருக்கிறது. 'பயிற்சியை எடுத்துக்கொள்கிறேன்னு அர்த்தம், சும்மா ஃபார்மாலிட்டி' என்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: அவர் சொன்ன அர்த்தம் தப்பு. "பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவதாக இதன்மூலம் உறுதியளிக்கிறேன்" என்பதுதான் அந்த வரி. பணம் கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

உள்ளே 'டேக்' இருப்பதால் 'எடு' என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வினைச்சொல்லுக்கு இரண்டு வேலை. ஒரு ஆய்வையோ பயணத்தையோ 'அண்டர்டேக்' செய்தார்கள் என்றால் மேற்கொண்டார்கள், அவ்வளவே. ஆனால் பின்னால் 'டு' போட்டு ஒரு வினைச்சொல்லோ, 'தட்' போட்டு ஒரு வாக்கியமோ வந்தால் அது வாக்குறுதி. நீதிமன்றத்தில் கொடுத்த 'அண்டர்டேக்கிங்'கை வேண்டுமென்றே மீறினால் அவமதிப்பு வழக்கு வரைக்கும் போகும்.

ஒரே ஒரு இடத்தில் உஷார். 'அண்டர்டேக் ஆல் லயபிலிட்டி' (எல்லாப் பொறுப்பையும் ஏற்கிறேன்) என்று எழுதியிருப்பார்கள். 'டு' இல்லை, 'தட்' இல்லை. ஆய்வு, பயணம் மாதிரி வெறும் பெயர்ச்சொல்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். அந்தப் பெயர்ச்சொல்லே பொறுப்பு, கடன், கடமை என்றிருந்தால், நட்டம் வரும்போது அது உங்கள் தலையில் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 'டு' இருக்கிறதா என்று மட்டும் தேடியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

'ஃபார்மாலிட்டி' என்று சொல்லும் ஏஜென்டுக்கு உங்கள் கையெழுத்து விழுந்தால் கமிஷன். திருப்பிக் கட்டும் நாளில் அவர் போனை எடுக்க மாட்டார். 'அண்டர்டேக்' என்றால் 'செய்' என்று ஒற்றை வரியில் பொருள் தரும் சொற்பட்டியல்களும் அவருக்குச் சளைத்தவை அல்ல. படிவம் எழுதுகிறவர்களையும் கேட்க வேண்டும். 'பிராமிஸ்' என்ற சொல் எல்லோருக்கும் தெரியுமே, அதைப் போட்டால் என்ன? போட்டால் ஆள் யோசிப்பான், அதுதான் காரணமோ என்னவோ.

எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டு விலகினால், எவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும் என்று அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கையில் இல்லாத காரியத்துக்கு 'அண்டர்டேக்' கேட்டால் 'எண்டெவர்' என்று மாற்றக் கேளுங்கள். 'இயன்றவரை முயல்வேன்' என்ற அளவில் நிற்கும். வாய்ப்பேச்சாக ஏஜென்ட் சொன்ன எதையும் கணக்கில் வைக்காதீர்கள். கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.