சூடானால் ஏறும் ரேஸ், நிற்காத வெள்ளைப் புகை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் பைக், அல்சூர் வீட்டு ஷெட்டில் 12 வருடம் கிடந்தது. டேங்க்கைக் கழுவி, பாயின்ட் (பிளக்குக்குப் பொறி அனுப்பும் தொடுமுனை), பிளக் மாற்றி ஸ்டார்ட் செய்துவிட்டேன். ஆனால் சூடானதும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ரேஸ், அதாவது என்ஜின் வேகம், இறங்குவதில்லை. பத்து நிமிடம் ஓடிய பிறகும் வெள்ளைப் புகை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கச் சொல்கிறார் மெக்கானிக். பொங்கலுக்கு இதிலேயே வேலூர் போக ஆசை.

வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

ஜெட்டைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான கிராங்க் சீல் இரண்டுமே போயிருக்கும். ஓடாமல் கிடக்கும் வண்டியில் சீலின் ரப்பர் இறுகி, அதன் உள்விளிம்பான உதடு ஷாஃப்ட்டைப் பிடிக்காமல் போகும்.

இடது சீலுக்கு அந்தப் பக்கம் கிளட்ச்சும் கியர் ஆயிலும். அது கசிந்தால் என்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்கும். உங்கள் வெள்ளைப் புகை அதுதான். கியர் ஆயில் மட்டம் குறைந்திருக்கும், பாருங்கள். வலது, டைனமோ பக்கத்துச் சீல் கசிந்தால் வெறும் காற்று உள்ளே வரும். பெட்ரோலின் பங்கு குறையும், அதில் கலந்து வரும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலும் குறையும். ரேஸ் ஏறும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்று அடர்த்தி குறைவு, கலவை ரிச்சாகத்தான் (பெட்ரோல் கூடுதலாக) சாய வேண்டும். இங்கேயே லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடும் வண்டி, ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரிக்கு இறங்க இறங்க இன்னும் லீனாகும்.

உறுதி செய்ய டயல் வைத்த பழைய பிபி கருவி போதும். பழைய பிளக்கின் பீங்கானை எடுத்துவிட்டு அதில் ஒரு குழாயைப் பற்றவைத்து, பிபி டியூபை மாட்டுங்கள். ரோட்கிங்குக்கு ஒரே சிலிண்டர், சைலன்சர் இரண்டு. இரு எக்ஸாஸ்ட் வாயையும், கார்புரேட்டரைக் கழற்றி இன்லெட்டையும் ரப்பர் வைத்து அடையுங்கள். வலது சீல் தெரிய டைனமோவையும் கழற்றிவிடுங்கள், அதில் சுழலும் ரோட்டரை நெம்பாமல், புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி 250 வரை பம்ப் அடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முள் 200-க்குக் கீழே போனால் கசிவு. கியர் ஆயில் ஊற்றும் துளையின் மேல் சோப்பு நுரையைத் தடவுங்கள். அது குமிழியாக உப்பினால் இடது சீல். வலது சீலைச் சுற்றியும் சிலிண்டர் அடி பேக்கிங்கிலும் நுரையைத் தடவிப் பாருங்கள்.

புதுச் சீல் வாங்க ஜே.சி. ரோடு போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அளவு அதன் முகத்திலேயே இருக்கும். விட்டான் என்ற ரப்பரில் செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும். ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தை 1000 நம்பர் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேயுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டின் சாவிப் பள்ளம் புது உதட்டை அறுத்துவிடும். அதன் மேல் நந்தினி பால் கவரைச் சுற்றி, 2டி ஆயில் தடவி, சீலை உள்ளே தள்ளுங்கள். புதுச் சீல் பலவும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

மாட்டிய பின் பாயின்ட் கேப் 0.4 மில்லிமீட்டர். லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில். முதலில் ஊருக்குள் 100 கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்கைப் பாருங்கள். காப்பி நிறம் இருந்தால் கிளம்பலாம். கிருஷ்ணகிரியில் ஒருமுறை நிறுத்தி மறுபடி கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அங்கிருந்து மெதுவாகத்தான் போக வேண்டும்.