ராகேலின் பொறாமை – கடிதம்

அன்புள்ள ஐயா,

பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்துப் பெண்களைப் பற்றிய கட்டுரையில் ராகேலை மிகுந்த பரிவோடு எழுதியிருந்தீர்கள். கணவனின் காதல் முழுவதும் அவளுக்குத்தானே கிடைத்தது? அப்படியும் சொந்த அக்கா லேயாளுக்குப் பிள்ளை பிறப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. எனக்கு லேயாள் மீதுதான் இரக்கம் வருகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லேயாள் மீது எனக்கும் இரக்கம் உண்டு. அதற்காக ராகேலைப் பொறாமைக்காரி என்று ஒதுக்க மனம் வரவில்லை. இந்தப் போட்டியை மூட்டிவிட்டது அவர்களுடைய அப்பா லாபான். ராகேலை மணப்பதற்காக யாக்கோபு 7 வருடம் அவனிடம் வேலை செய்தான். கல்யாண இரவில் லாபான் மூத்தவளைக் கொண்டுவந்து விட்டான். ஒரு வாரம் கழித்து இளையவளையும் கொடுத்து, இன்னொரு 7 வருட உழைப்பைக் கறந்துகொண்டான். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் சக்களத்திகள் ஆனது இப்படித்தான். மனைவி உயிரோடிருக்கும்போது அவள் சகோதரியையும் மணக்கக் கூடாது என்று பைபிளின் சட்ட நூலான லேவியராகமம் பிற்பாடு தடை விதிக்கிறது.

லேயாள் வரிசையாக 4 ஆண்பிள்ளைகளைப் பெறுகிறாள். ரூபன் பிறந்ததும் இனி என் புருஷன் என்னை நேசிப்பார் என்கிறாள். மூன்றாவதாக லேவி பிறக்கும்போதும் அதே ஏக்கம்தான். ராகேலோ பிள்ளை கொடும், இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று கணவனிடம் கதறுகிறாள். அவளுக்காக அத்தனை வருடம் காத்திருந்தவன் ஓர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, நான் என்ன தேவனா என்று கோபப்படுகிறான். காதல் முழுவதும் அவளுக்கு இருந்தது என்கிறீர்கள். அந்தக் காதல் அவளுக்கு உதவாமல் போன இடம் இது.

அப்புறம் அந்தத் தூதாயீம் கனிகள். பிள்ளை வரம் தரும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டவை. கோதுமை அறுப்பு நாட்களில் ரூபன் அவற்றை வயலில் கண்டெடுத்துத் தாயிடம் தருகிறான். ராகேல் கொஞ்சம் கேட்கிறாள். என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, என் மகன் கொண்டுவந்த கனியும் வேண்டுமா என்று லேயாள் வெடிக்கிறாள். கடைசியில் கனிக்கு ஈடாக அன்றைய இரவு யாக்கோபை விட்டுக்கொடுக்கிறாள் ராகேல். சகோதரிகள் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதாக வரும் இடம் இது ஒன்றுதான். கனியைக் கொடுத்தவளுக்கு இசக்கார், செபுலோன், தீனாள் என மேலும் 3 பிள்ளைகள். வாங்கியவளுக்கு யோசேப்பு பிறப்பது அதற்கெல்லாம் பிறகே.

இவர்களுக்காகப் பிள்ளை பெற்றுக்கொடுத்த பில்காள், சில்பாள் என்ற அடிமைப் பெண்களுக்குக் கதையில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கிடைக்கவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய வேதனை.

ஆதியாகமத்தின் 31ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஊரைவிட்டுக் கிளம்புவது பற்றி யாக்கோபு பேசும்போது அக்காவும் தங்கையும் சேர்ந்தே பதில் சொல்கிறார்கள்: அப்பா எங்களை விற்றுவிட்டார், எங்கள் பணத்தையும் தின்றுவிட்டார். தங்களுக்கு நேர்ந்தது யாரால் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

அன்புடன்.