பதில்: அம்மாவுக்கு இடுப்பு வலி, பிலாட்டிஸ் மெஷின் இல்லாம முடியுமா?

வணக்கம் தங்கச்சி. மண்டபத்துல கடல்பாசி எடுக்கப் போற அம்மாவுக்கு நாள்பட்ட இடுப்பு வலி, பிசியோ பிலாட்டிஸ் (வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்துற ஒரு உடற்பயிற்சி முறை) செய்யச் சொன்னார், மெஷின் வச்ச இடம் பக்கத்துல இல்லைன்னு கேட்டிருந்தீங்க. மெஷினைத் தேடி மதுரைக்கு அலைய வேண்டாம். பாய் போதும்.

இதை உருவாக்கின ஜோசப் பிலாட்டிஸ் 1883ல ஜெர்மனியில பிறந்தவர். சின்ன வயசுல ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் (எலும்பு பலவீனமாகுற நோய்)னு நோஞ்சான். ஜெர்மன்காரர்ங்கிறதால முதல் உலகப் போர்ல பிரிட்டன் அவரை ஐல் ஆஃப் மேன் தீவு முகாம்ல அடைச்சு வச்சது. தரையில செய்யற பயிற்சிகளை வளர்த்தெடுத்தது அங்கதான். அவர் நியூயார்க் போனது, அங்க ஸ்டூடியோ ஆரம்பிச்சது எல்லாம் 1926லயும் அதுக்கு அப்புறமும்தான்.

அம்மா முதல்ல இதைச் செய்யட்டும்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதம் தரையில. மூச்சை விட்டுக்கிட்டே அடிவயித்தை லேசா உள்ளே இழுத்து இடுப்பைத் தூக்கணும். இறக்கும்போது முதுகெலும்பு ஒவ்வொரு கணுவா பாயில படியணும். தொப்புன்னு விழுந்தா பிரயோஜனமில்ல. தலையைத் தூக்கிக்கிட்டு செய்யற 'நூறு' (ஹண்ட்ரட்)ங்கிற பிலாட்டிஸ் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம் (யூடியூப்ல முதல்ல அதைத்தான் காட்டுவாங்க!).

பிலாட்டிஸ் வலியைக் குறைக்கலாம். மத்த உடற்பயிற்சியைவிட ஒசத்தின்னு உறுதியா சொல்ல முடியாது. தண்ணியில குனிஞ்சே நிக்காம, நடுநடுவே நிமிர்ந்து பின்னால சாயச் சொல்லுங்க. கால் மரத்தாலோ, சிறுநீர் போறதுல சிக்கல்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.