கடலில்லாத ஊரில் ஒரு படகு

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் ஆன்ஸ்ட்ரதர் ஊரில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடலைப் பார்த்ததே இல்லை. வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இதைப் படித்து நாங்கள் என்ன செய்ய?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தக் கட்டுரையில் ஒன்றை இரண்டு வரியில் முடித்துவிட்டேன், அதைத்தான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். 2009-இல் அந்த அருங்காட்சியகம் 22 அடியில் ஒரு துடுப்புப் படகை வடிவமைக்க ஏற்பாடு செய்தது. நாலு பேர் துடுப்பு போட, ஒருவர் சுக்கான் பிடிக்க. அளவாக வெட்டிய பலகைகளை வாங்கி, ஊர்க்காரர்களே ஒன்றுகூடி மாதக்கணக்கில் ஒட்டிக் கட்ட வேண்டும். வேலை தெரிந்தவர் ஒருவர் முன்னால் நின்றால் மற்றவர்கள் உப்புத்தாள் தேய்த்தே கற்றுக்கொள்ளலாம். கட்டிய ஊர்கள் ஒன்றோடொன்று போட்டிக்குப் போகின்றன. இன்று கடல்தாண்டிப் பல நாடுகளில் அந்தப் படகைக் கட்டுகிறார்கள். அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான, 1902-இல் கட்டிய ஒரு பாய்மரப் படகையும் தன்னார்வலர்கள்தான் பராமரிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கூட்டு வேலைதான்.

சரி, நம் கடலுக்கு வருவோம். பிள்ளைகளை வேலூரில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு அழைத்துப் போங்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரின் சமாதி அது. 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, அடுத்த வருஷம் குடும்பத்தோடு கப்பலேற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்கு வந்து, 1832-இல் இங்கேயே இறந்தவர். அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளித்தான் நிற்கும், ஆளோ சரக்கோ அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலாப் படகுதான். பலகைகளை இணைக்க ஆணி அடிப்பதில்லை. பலகை ஓரங்களில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பில் நார் வைத்து அடைத்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் அடித்தால் ஆணியடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

நம் பக்கத்துத் தோலுக்கும் கடல்தான் வழி. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் லண்டன் வரை விலைபோனது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ஓடியதே கடலோர ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்குத்தானே! என் தாத்தா ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். கட்டுகளுக்கு மார்க்கா போடும் தகரத் தகடு ஒன்று எங்கள் பரணில் இருக்கிறது. வெட்டிய எழுத்துகளின் ஓரத்தில் கறுப்பு மை காய்ந்து கெட்டியாகி, 'லண்டன்' என்பதில் பாதி அடைபட்டே போய்விட்டது. இப்படி ஆம்பூரில், வாணியம்பாடியில், பேரணாம்பட்டில் எத்தனை வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கிறதோ.

பிள்ளைகளிடம் சொல்லி அவற்றைத் தேடச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும், பொருளை வாங்கிவர வேண்டாம், ஒரு போட்டோ போதும். அப்புறம் மூன்றடி நீளத்தில் ஒரு மசூலாப் படகு தைத்துப் பாருங்கள். மெல்லிய பலகை, கயிறு, துளை போட ஒரு தச்சர், அவ்வளவுதான் வேண்டும். உள்ளூர்த் தச்சர் ஒருவர் கண்டிப்பாக வருவார், கேட்டுப் பாருங்கள். தைக்கிற அன்றைக்கு எனக்குச் சொல்லுங்கள், தாத்தாவின் தகட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.