வால் சக்கர போல்ட் ஏன் உடைகிறது? சிறு விமானக் கேள்வி பதில்

காரைக்குடிதான் எனக்குச் சொந்த ஊர். 26 வருடம் வெளிநாட்டில் சிறு விமானங்களைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். பைப்பர் சூப்பர் கப், செஸ்னா 185 போல ஆற்று மணலிலும் சரளை மேட்டிலும் இறங்கும் விமானங்கள்தான் என் கையில் அதிகம் பட்டவை. இவற்றுக்கு முன்னால் இரண்டு பெரிய சக்கரம், வாலுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம். அந்தச் சின்னச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போல்ட் உடைவதைப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: என் பேரன் அலாஸ்காவில் விமானம் ஓட்டுகிறான். இறங்கும்போது வால் சக்கரம் கழன்றுவிட்டதாம். "ஒன்றுமில்லை அப்பத்தா, புது போல்ட் போட்டாச்சு" என்கிறான். நிஜமாகவே ஒன்றுமில்லையா?

ஆச்சி, தரையில் ஓடும்போது உடைந்தால் வால் தரையில் இழுபடும், விமானம் சுற்றிக்கொள்ளும். பெரும்பாலும் ஆளுக்கு அடிபடாது, விமானத்துக்குத்தான் செலவு. எனக்குப் பயம் வேறு இடத்தில். வால் சக்கரத்தைத் திருப்புவதற்காக அதைச் சங்கிலியும் ஸ்பிரிங்கும் வைத்து வால் சுக்கானோடு இணைத்திருப்பார்கள். கிளம்பும் ஓட்டத்தில் போல்ட் உடைந்து, தெரியாமல் மேலே ஏறிவிட்டால், அந்தச் சக்கரம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு சுக்கானை இழுக்கும். அதனால் பேரனிடம் இதை மட்டும் கேளுங்கள்: "உடைந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தாயா, ஏன் உடைந்தது?" அதைப் பார்க்காமல் புதுசு போட்டிருந்தால் புதுசும் உடையும்.

தேவகோட்டையில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர்: லாரியில் யூ போல்ட் லூசானால் பட்டையின் சென்டர் போல்ட் உடையும். விமானத்திலும் அதே கதைதானா அண்ணே?

அதே கதைதான் தம்பி. நீங்கள் கேட்டதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சூப்பர் கப்பின் வாலிலும் உங்கள் லாரியைப் போலவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில் பட்டைகள்தான். முன் நுனியில் ஒரு போல்ட், பின்னால் ஒரு பிடி. பிடி இறுக்கமாக இருக்கும்வரை சுமையைத் தாங்குவது பட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் உராய்வு. ஒவ்வொரு குலுக்கலிலும் போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். பிடி தளர்ந்ததும் பட்டை நகர ஆரம்பிக்கும். அப்போது போல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளையும். ஒரு தடவை வளைந்தால் ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான தடவை வளைந்தால் தலைக்கு அடியிலோ, மரை ஆரம்பிக்கும் இடத்திலோ மயிரிழை விரிசல் விழும்.

உடைந்த முகத்தைப் பார்த்தாலே இது தெரியும். ஒரு பக்கம் வழவழப்பாக, அலை வந்துபோன மணலைப் போல வளைவு வளைவாகக் கோடு இருக்கும். அதுதான் விரிசல் நாள்கணக்கில் நகர்ந்த தடம். மீதிப் பக்கம் கருப்பட்டியை உடைத்த மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். அது கடைசி நொடியில் பிய்ந்தது. ஒரு போல்ட்டில் முக்கால் பங்கு வழவழப்பாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மீதிக் கால் பங்கு இரும்பை நம்பித்தான் ஒரு குடும்பம் அதில் பறந்திருந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

பொறியியல் மாணவர்: அப்படியானால் இன்னும் வலுவான போல்ட், 12.9 கிரேடு போடலாமே சார்?

வேண்டாம். எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இது. விமானத்துக்கான சாதாரண ஏ.என். போல்ட்டின் இழுவலிமை சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு. கடையில் கிடைக்கும் 8.8 கிரேடுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். இரும்பு கெட்டியாக ஆக, சின்னக் கீறலையும் துருப்புள்ளியையும் தாங்கும் பொறுமை அதற்குக் குறையும்.

இன்னொன்று ஹைட்ரஜன். துருவை எடுக்க ஆசிடில் ஊறவைத்தாலோ, மின்முலாம் பூசினாலோ ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். மிகக் கெட்டியான எஃகு, இறுக்கிவைத்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ, யாரும் தொடாமலேயே படக்கென்று உடையும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெகுநேரம் சூடேற்றினால்தான் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். ஊர் முலாம் பட்டறையில் இதை யாரும் செய்து தரமாட்டார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து நம் ஊருக்கு வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகத்துக்கு இதெல்லாம் தினப்படி வேலை. 1953இலிருந்து அங்கே துருவையும் முலாமையும் ஆராய்கிறார்கள். பார்வையாளர் நாள் வந்தால் போய்க் கேளுங்கள், தம்பி.

கோட்டையூர் வாசகர்: எவ்வளவு இறுக்குவது? எப்போது மாற்றுவது?

5/16 அங்குல போல்ட்டுக்குப் பொது அட்டவணை 100 முதல் 140 இன்ச் பவுண்டு வரை. விமானத்தின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. கை மதிப்பு உதவாது, இறுக்கும் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வேண்டும். தானாகக் கழலாத பூட்டு நட்டாக இருந்தால் அது சும்மா சுற்றவே கேட்கும் விசையை அளந்து அட்டவணை எண்ணோடு கூட்டிக்கொள்ளுங்கள். மரை இல்லாத வழுவழுப்புப் பகுதிதான் துளைக்குள் இருக்க வேண்டும். மரையின் மேல் பக்கவாட்டுச் சுமை விழுந்தால் விரிசலுக்கு வழிவிட்ட மாதிரி.

வருடாந்தரச் சோதனையில் போல்ட்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தலை பளபளவென்று இருக்கும், நடுவில் துரு அரித்திருக்கும். சோப்புப் போட்டுத் துடைத்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கரடுமுரடான இடத்தில் இறங்கும் விமானம் என்றால் நான் பார்க்கவே மாட்டேன், வருடம் ஒருமுறை புதுசு போட்டுவிடுவேன். ஒரு வேளை சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. துளை நீள்வட்டமாகியிருந்தால் மட்டும் புது போல்ட் உதவாது, துளையைச் சரிசெய்ய வேண்டும்.

அவரே: வால் சக்கரம் கடகடவென்று ஆடுகிறது என்கிறார்களே, அதற்கும் போல்ட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. அந்த ஆட்டம் நொடிக்குப் பல முறை போல்ட்டை முறுக்குகிறது. முதலில் பட்டையைப் பாருங்கள். பழைய பட்டை வளைவு இழந்து தட்டையானால் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் செங்குத்து அச்சின் மேல்நுனி முன்பக்கம் சாய்ந்துவிடும், அப்போது ஆட்டம் வரும். ஆள் ஏறிச் சுமை வைத்த பிறகும் அச்சு நேராகவோ, மேல்நுனி சற்றுப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும். அந்த அச்சில் ஆட்டத்தை அடக்க வைத்திருக்கும் உராய்வுத் தட்டு தேய்ந்திருந்தாலும், டயரில் காற்று சரியில்லை என்றாலும் ஆடும். முன்னால் 31 அங்குல டயர் மாட்டியவர்களுக்கு மூக்கு உயர்ந்து வாலில் பாரம் கூடியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான் சிறுவன்: நம் செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தில் இது இறங்குமா மாமா?

உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. சூப்பர் கப் தரை தொட்டு நிற்க 350 அடி இருந்தால் போதும், நீளம் பிரச்சினையே இல்லை. அனுமதிதான் வேண்டும், அப்புறம் கற்களையும் பெயர்ந்த தளத்தையும் பார்க்க வேண்டும்.

தேவகோட்டைக்காரர் மறுபடியும்: கழற்றிய பழைய போல்ட்டை என்ன செய்வது அண்ணே? பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது.

அதனால்தான் ஆபத்து. டப்பாவில் போட்டால் யாராவது அவசரத்துக்கு எடுத்து மாட்டிவிடுவார்கள். கழற்றிய அன்றே வைஸில் பிடித்து மரையை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள், காயலான் கடைக்குப் போகட்டும்.