எரிந்து விழும் சிஸ்டரைத் திருத்துவது எப்படி? – கேள்வி பதில்

வார்டு இன்சார்ஜாகப் பல ஆண்டுகள் இருந்தவள் நான். நர்ஸ்களின் மனநிலை, வேலைத்திறன் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், வேலையில் திருப்தி இருந்தால்தான் நன்றாக வேலை செய்வார்கள் என்று படித்தேன். உண்மையா? (எம்.எஸ்சி. நர்சிங் மாணவி)

பதில்: ஓரளவுக்கு. பல தொழில்களில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2001-ல் உளவியல் ஆய்வாளர் டிமோதி ஜட்ஜ் குழுவினர் கணக்கிட்டதில், திருப்திக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பு சுமார் 0.30தான் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). நாள் முழுக்க அலுத்துக்கொண்டே மருந்தில் ஒரு சொட்டுகூடப் பிசகாத சிஸ்டர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். சிரித்த முகத்தோடு சார்ட் எழுத மறப்பவர்களும் உண்டு.

கேள்வி: எங்கள் வார்டில் இரண்டு பேர் நோயாளிகளிடம் எரிந்து விழுகிறார்கள். புகார் மேல் புகார். இந்தக் குணத்தை எப்படித் திருத்துவது? (புது இன்சார்ஜ்)

பதில்: குணம் என்று முடிவு கட்டுமுன் டூட்டி லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள் சிஸ்டர். தொடர்ந்து எத்தனை நைட்? ஒருவர் பொறுப்பில் எத்தனை நோயாளி? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் 2002-ல் வெளியிட்ட முடிவை இன்சார்ஜ்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அவர் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. சோர்வும் சாவும் ஒரே சுமையிலிருந்துதான் வருகின்றன.

உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இந்தச் சோர்வுக்கு மூன்று முகம் சொல்கிறார்: உள்ளம் வறண்டுபோவது, நோயாளி மனிதராகத் தெரியாமல் போவது, ‘என்ன செய்து என்ன’ என்ற எண்ணம். ‘அந்த ஏழாம் பெட்’ என்று பேச ஆரம்பித்தால் இரண்டாவது வந்துவிட்டது என்று பொருள். நான் ஒரு சிஸ்டருக்கு மெமோ கொடுத்த பிறகுதான் கவனித்தேன், அவருக்கு அது ஆறாவது நைட். அந்த லிஸ்ட்டைப் போட்டவளே நான்தான். அது இன்றைக்கும் உறுத்துகிறது. அந்த இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். சுமையைக் குறைத்த பிறகும் மாறாவிட்டால் அப்போது நடவடிக்கையைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மருந்துப் பிழைகள் எங்கள் வார்டில்தான் அதிகம் பதிவாகின்றன. தலைகுனிவாக இருக்கிறது.

பதில்: தலைகுனிய வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளைப் பார்த்தபோது, நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் அதிகப் பிழைகள் வெளியே வந்தன. அங்கே சொல்லப் பயமில்லை. பதிவே இல்லாத வார்டைப் பார்த்துத்தான் நான் கவலைப்படுவேன்.

கேள்வி: சம்பளத்துக்காக மட்டுமே இருக்கிறேன் மேடம். தப்பா? (ஆண் நர்ஸ்)

பதில்: தப்பே இல்லை தம்பி. ஆனால் ‘விட்டால் கஷ்டம்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, பிடித்து இருப்பவர்களின் வேலைதான் பொதுவாக மேலாக இருக்கிறது. வேலையை விடுமுன் வார்டு மாற்றம் கேட்டுப் பாருங்கள். எமர்ஜென்சியில் வாடியவர்கள் டயாலிசிஸில் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓவர் எடுக்கும்போது (ஷிஃப்ட் மாறி நோயாளிகளின் பொறுப்பை வாங்கும்போது) சீனியர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். சந்தேகம் கேட்கவே பயமாக இருக்கிறது. (சேர்ந்து நான்கு மாதம்)

பதில்: அவர் செய்வது தவறு. இன்சார்ஜிடம் தேதியோடு எழுதிக் கொடும்மா. அதுவரைக்கும் வேறொரு சீனியரிடம் கேள். இன்சுலின் அளவில் சந்தேகம் வந்தால் மட்டும், யார் திட்டினாலும் கேட்காமல் ஊசியைக் கையில் எடுக்காதே.