எல்லை தாண்டும் கதையைச் சொல்லும் நாவலில் குறியீடுகளும் ‘நாயகப் பயணம்’ என்ற அமைப்பும் எப்படி வேலை செய்கின்றன? ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா?

எனக்கு உடனே நினைவுக்கு வருவது மெக்சிக எழுத்தாளர் யூரி ஹெரேராவின் குறுநாவல். ஸ்பானிஷில் 2009இல் வந்தது. லிசா டில்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘சைன்ஸ் ப்ரிசீடிங் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற பெயரில் 2015இல் வெளியானது. நூறு பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும். முடிவையும் சொல்லப் போகிறேன். படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மகினா ஒரு சிற்றூரின் டெலிபோன் ஆபரேட்டர். எல்லைக்கு அப்பால் போன சகோதரனைத் தேடிப் பிடித்து ஒரு சேதியைச் சேர்க்கும்படி அம்மா அவளை அனுப்புகிறாள். கதை அவ்வளவுதான். எந்த நாடு, எந்த எல்லை என்று ஓரிடத்திலும் பெயர் வராது. வரத் தேவையும் இல்லை.

முதல் முறை படித்தபோது, புராணக் கதைகளை ஆராய்ந்த அமெரிக்கர் ஜோசப் கேம்பல் 1949இல் வகுத்துக் கொடுத்த நாயகப் பயணத்தின் (ஊரை விட்டுக் கிளம்பி, சோதனைகளைக் கடந்து, திரும்பி வரும் கதையமைப்பின்) படிகளை இதில் தேடினேன். எல்லாம் கிடைத்தன. அம்மாவின் சொல்தான் அழைப்பு. ஊரின் மூன்று தாதாக்களிடம் போய் உதவி கேட்பது வாசல்காவலர்களைச் சமாளிப்பது. ஆறுதான் வாசற்படி. பரீட்சைத் தாளில் எழுதினால் நல்ல மதிப்பெண் விழும். ஆனால் புத்தகம் பிடிபடவில்லை.

இரண்டாம் முறை அத்தியாயத் தலைப்புகளில் கண் நின்றது. பூமி, நீரைக் கடக்கும் இடம், மலைகள் சந்திக்கும் இடம், காற்று கத்தியாய் வெட்டும் இடம், மனித இதயங்கள் தின்னப்படும் இடம்... மொத்தம் ஒன்பது. வெறும் அலங்காரம் என்று முன்பு தாண்டிப் போயிருந்தேன். அவை பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் நம்பிய பாதாள உலகமான மிக்த்லானின் ஒன்பது தளங்களை ஒட்டியவை. இறந்தவர் நான்கு ஆண்டுகள் நடந்து அவற்றைக் கடக்க வேண்டும் என்பது நம்பிக்கை. நாவலின் தொடக்கமும் அப்போதுதான் உறைத்தது. வெள்ளிச் சுரங்கங்களால் துளைபட்ட ஊரில் திடீரென்று தெரு வாய்பிளந்து ஒரு கிழவரை விழுங்குகிறது. ஓரத்தில் நிற்கும் மகினா ‘நான் செத்துவிட்டேன்’ என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறாள். இவள் பிழைப்புக்காக வேறு நாடு போகிறவள் அல்ல, சாவுக்குள் இறங்குகிறவள்.

நமக்கு வைதரணியைக் கடக்கப் பசுவின் வால் துணை. ஆஸ்டெக் இறந்தவருக்கு நாய். இங்கே ஆற்றில் டியூபில் ஏற்றி மகினாவை அக்கரை சேர்ப்பவன் பெயர் சுச்சோ. ஹெசூஸ் என்ற பெயரைச் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். தெருநாயைக் குறிக்கவும் அதே சொல்தான். ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துகிறவர்களை அங்கே ‘கொயோட்’ என்பார்கள். அதுவும் நாயினத்து விலங்கு. இதில் ஒன்றையாவது ஹெரேரா நமக்கு விளக்குகிறாரா என்றால் இல்லை. ஆற்றைக் கடக்க ஆள் வேண்டும், சுச்சோ வருகிறான், அவ்வளவுதான். குறியீடு என்று தெரியாமலே கதையில் ஓடுவதுதான் நல்ல குறியீடு என்பது என் கட்சி.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது வேறொன்று. என் அத்தை எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். டிரங்க் கால் காலத்தில் ஊரின் சண்டை, சாவு, கல்யாணப் பேரம் எல்லாம் அவர் காது வழியாகத்தான் போயின. ஒன்றையும் வெளியே சொன்னதில்லை. மகினாவுக்கும் அப்படி ஒரு நெறி உண்டு: நீ கதவு, கதவின் வழியே போகிறவள் அல்ல. கடைசி அத்தியாயத்தில் அந்தக் கதவே ஒரு கதவுக்குள் நுழைகிறது. ஜன்னலும் புகைபோக்கியும் இல்லாத நிலவறையில் அவளிடம் ஒரு ஃபைலைக் கொடுக்கிறார்கள். புகைப்படம் அவளுடையது, பெயரும் பிறந்த ஊரும் வேறு. என்னை உரித்துவிட்டார்கள் என்று முணுமுணுக்கிறாள்.

கேம்பலின் நாயகன் வரத்தோடு ஊர் திரும்ப வேண்டும். மகினாவும் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் சின்னப் பையோடு கிளம்பினாள். சகோதரனோ வேறொருவன் பெயரில் ராணுவத்தில் இருக்கிறான். அவன் வருவதாக இல்லை. ‘திரும்பி வா, உன்னிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை’ என்பதுதான் அம்மா எழுதி அனுப்பிய சேதி. அதைச் சுமந்து வந்தவளும் திரும்பவில்லை. பாதாளத்திலிருந்து மேலே ஏறும் படியை ஹெரேரா கட்டவே இல்லை. இதை வடிவக் குறை என்று சொன்ன நண்பரோடு ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

கதையை அத்தையிடம் சொன்னேன். மிக்த்லான், நாய், தோலுரிப்பு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அவள் வராவிட்டால் அந்த ஊருக்கு இனி யார் லைன் கொடுப்பார்கள்?”